இறுதிப் பருவத் திட்டப்பணியும் ஓர் அமானிதமே



மதரஸாவில் கிதாபு ஓதிக் கொடுக்கும் நமக்கு எம்.சி.ஏ. புராஜெக்ட்டில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்கள் வந்துவிட்டால், மக்ரிபுக்குப் பின் நம்மைத் தேடி வந்து ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். “ஹஜ்ரத், புராஜெக்ட்டை வெளியில காசு கொடுத்து வாங்கிக்கலாமா? எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.” இவர்களுள் பலர் நம்மிடம் அலிஃப், பே ஓதியவர்கள். கேட்கும்போதே தலை குனிந்திருக்கும். விடை அவர்களுக்குத் தெரியும். ஆனால் நம் வாயால் ஓர் அனுமதி கிடைக்குமா என்று பார்க்கிறார்கள்.

பிள்ளைகள் படிப்பது என்ன என்பதை அறியாத பெற்றோருக்காகச் சிறிது விளக்குவோம். எம்.சி.ஏ. முன்பு மூன்று ஆண்டுப் படிப்பாக இருந்தது. 2020-21ஆம் கல்வியாண்டு முதல் அது இரண்டு ஆண்டுகளாகச் சுருக்கப்பட்டது. நான்கு பருவங்கள்; நான்காவது பருவத்தின் பெரும்பகுதி திட்டப்பணிக்கே உரியது. மாணவர் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மென்பொருளோ ஆய்வோ செய்து, வழிகாட்டும் ஆசிரியர் முன்னிலையில் சில ரிவ்யூக்களைக் கடந்து, அறிக்கை எழுதி, இறுதியில் கல்லூரியின் தேர்வாளரும் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் அமர்ந்திருக்கும் வைவாவில் அதை விளக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் கற்றதெல்லாம் கைக்கு வந்திருக்கிறதா என்று உரசிப் பார்க்கும் கல் அது.

அந்த அறிக்கையின் முன்பக்கங்களில் ஒரு சான்றிதழ் இருக்கும். இப்பணி இன்னாரால் உண்மையாகவே செய்யப்பட்டது என்று வழிகாட்டியும் துறைத் தலைவரும் கையொப்பமிடுவர். பல கல்லூரிகளில், இது தன் சொந்தப் பணி என்று மாணவரே உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடும் பக்கமும் உண்டு. மார்க்கத்தின் மொழியில் இதற்கு ஷஹாதத், அதாவது சாட்சியம் என்று பெயர். நிக்காஹ் தஃப்தரில் நடக்காத திருமணத்தை நடந்ததாக எழுதி இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மஹல்லாவே கொதித்தெழும். அதே மஹல்லாவின் பிள்ளை, தான் எழுதாத நிரலைத் தான் எழுதியதாகக் கையொப்பமிட்டால் நமக்கு அது ‘ஃபார்மாலிட்டி’யாகத் தோன்றுகிறது. பொய்ச் சாட்சியத்தை நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களின் வரிசையில் வைத்து எச்சரித்தார்கள் என்பதை நம் மிம்பர்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்த எச்சரிக்கையில் கல்லூரிக்கு மட்டும் விதிவிலக்கு இருப்பதாக எந்தக் கிதாபிலும் நாம் ஓதியதில்லை.

புராஜெக்ட் விற்கும் கடைகள் ஒன்றும் மறைவானவை அல்ல. கல்லூரிகள் நிறைந்த ஊர்களில் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே பலகை தொங்கும். தலைப்பு, நிரல், அச்சிட்ட அறிக்கை, கறுப்பு அட்டையில் பொன்னெழுத்து பைண்டிங், வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதற்கு ஒரு மணிநேர வகுப்பு, எல்லாம் ஒரே தொகையில் கிடைக்கும். ஒரே நிரல் ஐந்து கல்லூரிகளில் ஐந்து பெயர்களில் உலவும். வாங்கும் பிள்ளைகளை மட்டும் ஏசிவிட்டுப் போவது நமக்கு உடன்பாடில்லை. எம்.சி.ஏ.வில் சேர்பவர்களுள் கணினியே படிக்காத இளங்கலைப் பட்டதாரிகளும் உண்டு. மூன்று ஆண்டுகளில் கற்க வேண்டியதை இரண்டில் விழுங்குகிறார்கள். சில கல்லூரிகளில் ஒரே வழிகாட்டியின் தலையில் அளவுக்கு மீறிய மாணவர்கள் சுமத்தப்படுகிறார்கள். வாரம் ஒருமுறைகூட முகம் பார்த்துப் பேச அவருக்கு நேரமிருப்பதில்லை. வீட்டிலோ, “பக்கத்து வீட்டுப் பையன் முடிச்சிட்டானாமே” என்ற ஒரே பேச்சு. கடைக்காரர் இவ்வளவு பேரின் அலட்சியத்தின் மீதுதான் கடை போட்டிருக்கிறார்.

மதீனாவின் சந்தையில் நடந்த ஒரு நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உணவு தானியம் குவித்து வைத்திருந்த ஒரு வியாபாரியின் பக்கமாக நபி (ஸல்) அவர்கள் சென்றார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்தைச் சொன்னார்கள். இதை ஓதும்போது நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு நுட்பம் உண்டு. தானியத்தை நனைத்தது வியாபாரி அல்லர், மழை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் அங்கே குற்றமாயிற்று. திட்டப்பணியில் குறை இருப்பது பாவமன்று, இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் பணியில் குறை இல்லாமல் எப்படி இருக்கும்? குறையை அடியில் தள்ளிவிட்டு மேலே காய்ந்த தானியத்தைப் பரப்புவதே பாவம்.

காசு கொடுத்து வாங்காத பிள்ளையும் இந்தக் குவியலைச் செய்யக் கூடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அண்மைக் காலத்தில் பிள்ளைகள் மிகுதியாக எடுத்துக்கொள்ளும் தலைப்புகளுள் ஒன்று, சர்க்கரை நோயைக் கணினி முன்கூட்டிச் சொல்வது. பெரும்பாலோர் இதற்குப் பயன்படுத்துவது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடிப் பெண்களிடம் திரட்டப்பட்ட ஒரு தரவுத் தொகுப்பு. 21 வயதும் அதற்கு மேலுமுள்ள 768 பெண்களின் பதிவுகள் அதில் உள்ளன. 268 பேருக்கு நோய் உண்டு. 500 பேருக்கு இல்லை. ஆகவே, யாரைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘நோய் இல்லை’ என்று மட்டுமே சொல்லும் ஒரு நிரல்கூட நூற்றுக்கு 65 தடவை சரியாகச் சொல்லிவிடும்! அத்தொகுப்பில் 374 பேரின் இன்சுலின் அளவு பூஜ்யம் என்று எழுதப்பட்டிருக்கிறது. 35 பேரின் இரத்த அழுத்தமும் பூஜ்யம். உயிரோடிருக்கும் மனிதருக்கு இரத்த அழுத்தம் பூஜ்யமாக இராது. அளக்கப்படாத இடங்களில் பூஜ்யம் இடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. இதைக் கவனிக்காமல் நிரலை ஓட்டி, துல்லியம் 98 விழுக்காடு என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் போடும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம்.

98 எப்படி வந்தது? நோயுள்ளவர் பதிவுகள் குறைவாக இருப்பதால் அவற்றை நகலெடுத்துப் பெருக்குகிறார்கள். பெருக்கிய பிறகு, பயிற்சிக்கு ஒரு பகுதி, தேர்வுக்கு ஒரு பகுதி என்று பிரிக்கிறார்கள். அப்போது ஒரே பெண்ணின் பதிவு பயிற்சியிலும் இருக்கிறது, தேர்விலும் இருக்கிறது. மக்தபில் நேற்று மனப்பாடம் செய்யச் சொன்ன அதே சூராவை இன்று ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, குர்ஆன் முழுவதையும் ஹிஃப்ளு செய்துவிட்டான் என்று பட்டம் கட்டுவது போன்றது இது. முதலில் பிரித்துவிட்டு, பயிற்சிப் பகுதியை மட்டும் பெருக்குவதே முறை. அப்படிச் செய்தால் எண் குறையும். குறைந்த எண்ணை எழுத ஒரு மனத்துணிவு வேண்டும். 98ஐ நம்பி ஒருவர் அந்த நிரலைக் காயல்பட்டினத்து உம்மா ஒருவருக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? நோய் இருந்தும் இல்லை என்று கேட்டுவிட்டு அவர் இனிப்பு உண்பார். பீமாப் பெண்களின் உடல்வாகு வேறு, நம் பெண்களின் உடல்வாகு வேறு என்பதையாவது அறிக்கையில் ஒரு பத்தி சொல்லியிருக்க வேண்டும்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இவையெல்லாம் புதியவையும் அல்ல. யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் ஸனதை ஒவ்வொரு பெயராக உரசிப் பார்த்த சமுதாயம் நாம். அக்கலையில் தத்லீஸ் என்றொரு குறை உண்டு. ஓர் அறிவிப்பாளர் தாம் நேரில் கேட்காததை, நடுவில் இருந்தவரின் பெயரை விழுங்கிவிட்டு, பெரிய ஆசிரியரிடமே கேட்டதைப் போலத் தோன்றும்படி சொல்வது. முழுப் பொய் என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் முஹத்திஸ்கள் அதை வடுவாகவே கருதினார்கள். அந்த வழக்கமுள்ள ஒருவர் ‘நான் கேட்டேன்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே அவருடைய அறிவிப்பை ஏற்போம் என்று நிபந்தனை வைத்தார்கள். கிட்ஹப்பில் யாரோ ஒருவர் எழுதி வைத்த நிரலை எடுத்து, மேலே இருந்த அவருடைய பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதும் பிள்ளை செய்வது இதுதான். எடுப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. எம்.ஐ.டி. உரிமம் போன்ற திறந்த உரிமங்களில் வெளியிட்டவர்கள் எடுத்துக்கொள்ளத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது, தங்கள் உரிமைக் குறிப்பை அழிக்காமல் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதே. இலவசமாக ரொட்டி கொடுத்தவரின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம் என்பது என்ன பண்பாடு?

மேடைகளில் அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லி, அல்காரிதம் என்னும் சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது என்று முழங்குவதில் நம்மவருக்கு அலாதி விருப்பம். உண்மைதான். ஆனால் முழங்குபவரின் வீட்டுப் பிள்ளையின் அல்காரிதம் கடையில் வாங்கப்பட்டதாக இருந்தால், அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகளை வெளியிட்டது. முதுகலை மாணவர்களுக்கும் அவை பொருந்தும். பிறர் எழுத்துடன் ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 60 வரை ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே நீக்கப்படும். ஆனால் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் எழுத்தைத்தான் பார்க்கும். கடைக்காரர் புதிதாக எழுதிக் கொடுத்தால் அதற்குப் பிடிபடாது. சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்துக்கென்றுதான் தக்வா என்ற ஒன்றை மக்தபிலேயே சொல்லிக் கொடுத்தோம்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் இப்போது வருகிறது. கல்லூரி கூடாது என்றால் கூடாது. சேரும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனையைக் காப்பது முஸ்லிமின் கடமை. கல்லூரி அனுமதித்தால், மூத்த மாணவர் ஒருவரிடம் ஐயம் கேட்பதைப் போலக் கேட்கலாம்; கேட்டதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். வைவாவில் தேர்வாளர் எந்த வரியைத் தொட்டு ஏன் என்று கேட்டாலும் விடை சொல்ல முடிகிற நிரலைத்தான் தன்னுடையது என்று சொல்லலாம்.

இனி ஒரு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மக்தபில் குர்ஆன் ஓதி முடித்தவர். எம்.சி.ஏ. கடைசிப் பருவத்தில் இருந்தபோது ஏப்ரலில் நிக்காஹ் என்று முடிவாயிற்று. வளைகுடாவில் இருந்த அவருடைய வாப்பா நமக்குத் தொலைபேசியில் பேசினார். “ஹஜ்ரத், பேருக்கு ஒரு புராஜெக்ட்தானே. காசு கொடுத்து முடிச்சிடலாம்னு பாக்குறேன். கல்யாணம் வெச்சுக்கிட்டுப் புள்ளைய ஏன் அலைய விடணும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அவ ஒத்துக்க மாட்டேங்குறா.” நாம் அவரிடம் கேட்டது ஒன்றுதான். வளைகுடாவின் வெயிலில் நின்று ஹலாலாக ஈட்டிய பணத்தில் மகளைப் படிக்க வைத்துவிட்டு, கடைசி மூன்று மாதத்தில் அதே பணத்தால் ஒரு பொய்யை வாங்கி அவள் கையில் கொடுக்கப் போகிறீர்களா? சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மாப்பிள்ளை வீட்டாரிடம் அவரே பேசினார். தேதி மாறவில்லை, வைவா முடியும்வரை மருமகள் கல்லூரிக்குப் போய் வருவார் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆண் பிள்ளைக்குப் புராஜெக்ட் என்றால் வீட்டில் தனி மேசை, இரவில் தேநீர். பெண் பிள்ளைக்கு என்றால், பாத்திரம் கழுவிய பிறகு எஞ்சும் நேரம். நம் பெண்கள் கடைக்குப் போவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த மகள் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஃபராயிள் பாகப்பிரிவினைக் கணக்கு. ஒரு நாள் கவலையோடு வந்தார். இறந்த பெண்ணுக்குக் கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டும் வாரிசுகள் என்று கொடுத்தால், நிரல் 7/6 என்று காட்டுகிறதாம். சொத்து முழுமைக்கும் மேலே எப்படிப் பங்கு வரும்? இரண்டு நாள்களாக நிரலில் பிழையைத் தேடியிருக்கிறார். பிழை நிரலில் இல்லை. கணவருக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3. கூட்டினால் 7/6 தான் வரும். இதற்குத்தான் அவ்ல் என்று பெயர். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் எழுந்த சிக்கல் இது. பகுதியை 6இலிருந்து 7ஆக உயர்த்தி, கணவருக்கு 3, சகோதரிகளுக்கு 4 என்று எல்லாருடைய பங்கையும் சம விகிதத்தில் குறைப்பது தீர்வாயிற்று. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதில் மாறுபட்டார்கள் என்பதையும் சொன்னோம். அவர் முகத்தில் அன்று வந்த வெளிச்சம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

பாட்டனாரும் சகோதரர்களும் ஒருங்கே இருக்கும் இடத்தில் மீண்டும் முட்டிக்கொண்டார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில் பாட்டனார் இருந்தால் சகோதரர்களுக்குப் பங்கில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தில் பங்குண்டு. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். நாள் போதவில்லை. இந்த நிலைக்கு இந்நிரல் விடை தராது, ஆலிம் ஒருவரை அணுகுக என்று திரையிலும் எழுதினார், அறிக்கையிலும் தனித் தலைப்பில் எழுதினார். வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் படித்தார் என்று பின்னர் சொன்னார். வகுப்பில் முதல் மதிப்பெண் அவருக்குக் கிடைக்கவில்லை.

“வாங்கிய புராஜெக்ட்டால் பட்டம் பெற்று வேலையும் கிடைத்துவிட்டது, என் சம்பளம் ஹராமா?” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்த ஏமாற்று பாவம். அதற்குத் தவ்பா வேண்டும். இப்போது பார்க்கும் வேலையை உரிய திறமையோடும் நேர்மையோடும் செய்தால் அந்த உழைப்புக்கான கூலி ஆகுமானதே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நாமும் அதையே சொல்கிறோம். தெரியாத வேலையைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு காலம் தள்ளுபவரின் நிலை வேறு. அவர் முதலில் உட்கார்ந்து அந்த வேலையைக் கற்கட்டும்.

தலைப்புக்கு எங்கே போவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நம் ஜமாஅத்திலேயே வேலை கிடக்கிறது. கரையான் அரிக்கும் நிக்காஹ் தஃப்தர்கள், கபரஸ்தான் பதிவுகள், சந்தா நிலுவை, பைத்துல்மால் கணக்கு. அரபுத் தமிழில் அச்சிட்ட பழைய கிதாபுகள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் எத்தனையோ வீடுகளின் பரணில் இருக்கின்றன. தமிழ் ஒலிகளுக்கென்று புள்ளி கூட்டி அமைத்த அந்த எழுத்துகளை அடையாளம் காண ஒரு மாணவர் இருநூறு பக்கங்களைப் படமெடுத்து எழுத்தெழுத்தாகக் குறித்தாலே ஒரு பருவத்துக்குரிய உழைப்பு ஆகிவிடும்.

ஒன்றில் மட்டும் நாம் கண்டிப்பாக இருப்போம். பைத்துல்மாலில் உதவி பெறும் விதவைகளின் பெயர்ப் பட்டியல் எந்தப் பிள்ளையின் மடிக்கணினிக்கும் போகக் கூடாது. அவர்களின் மானம் ஜமாஅத்திடம் உள்ள அமானிதம். 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை இப்போது சொல்கிறது. மார்க்கம் முன்பே சொல்லிவிட்டது. நிரலைச் சோதிக்கக் கற்பனைப் பெயர்கள் போதும்.

நம் மஹல்லாவின் கணக்கரிடம் பேசியிருக்கிறோம். பேரேட்டின் வடிவம் தெரியும்படி, பெயர்களையும் முகவரிகளையும் மறைத்துப் பத்துப் பக்கங்களை நகலெடுத்துத் தர அவர் இசைந்துள்ளார். முதல் ரிவ்யூவுக்கு முன் வேண்டுவோர் டிசம்பர் மாதத்திலேயே, இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வரலாம். பெண் பிள்ளைகள் தங்கள் உம்மாவுடனோ வாப்பாவுடனோ அஸருக்குப் பிறகு மதரஸாவுக்கு வந்தால் அங்கேயே கிடைக்கும்.